பவளத்தின் இடது கை

பவளம் பிறந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான். வாழ்க்கைப்பட்டதும் அதே தோட்டத்தில்தான். ரிங்லெட் டவுனைத் தாண்டி, லோரியே முக்கி முனகி ஏறுகிற செம்மண் சாலையில் மேலே போனால், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற மூன்று வரிசை லயம் தெரியும். நடு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. அவளுடையது என்பது பேச்சுக்குத்தான். தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டிலிருந்து ஓர் ஆள் வேலைக்குப் போகிறவரை குடியிருக்கலாம். போகாவிட்டால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் மாடாய் உழைத்தவர்களுக்குத் தோட்டம் செய்த மரியாதை இது.

அவள் புருஷன் செல்லையா தோட்டத்து லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு கம்பு இல்லாமல் வாசல்வரைகூட அவனால் நடக்க முடியவில்லை. ஆகவே வீட்டைத் தாங்கியது பவளத்தின் இரண்டு கைகள். ஒரே மகள் ருக்குமணி தானா ராத்தா டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். லயத்துப் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிந்ததும் கூடையை மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். "எம் பொண்ணு கூடை தூக்கமாட்டா" என்று பவளம் ஊரறியச் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

கொழுந்து பறிப்பதில் அவளுக்கு இணை அந்தத் தோட்டத்தில் இல்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் செடியின் மேல் ஓடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவாள். முதுகுக் கூடையில் கொழுந்து தப்பாமல் விழும். வாயும் சும்மா இருக்காது. யாராவது சோம்பலாக ஒற்றைக் கையால் பறித்துக்கொண்டிருந்தால், "என்னா, இன்னொரு கைய வீட்டுல பூட்டி வச்சிட்டு வந்திட்டியா?" என்று கேட்டு மலையே கேட்கச் சிரிப்பாள்.

இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தபோது, கூடைக் கயிறு அழுத்தித்தான் வந்திருக்கிறது என்று நினைத்தாள். விளக்கெண்ணெய் தடவினாள். கயிற்றுக்கு அடியில் துணியை மடித்து வைத்தாள். செல்லையாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பற்றிப் பேச லயத்துப் பெண்களுக்கு வாய் வராது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி மட்டும் பொழுது சாயும்வரை பேச வரும். கட்டி எலுமிச்சை அளவுக்கு ஆகி, தோல் சுருங்கி, கை அக்குளில் இன்னொரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் போனாள். அவர் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அது 1980. ஈப்போவில் மார்பையும் அக்குளில் இருந்ததையும் எடுத்தார்கள். பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பிக் கரண்டு வைத்தார்கள். தோல் கருகிப்போய்த் திரும்பி வந்தவளை லயமே வாசலில் நின்று பார்த்தது. பார்த்ததோடு சரி, பக்கத்தில் யாரும் வரவில்லை. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வாளியை வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்துகொண்டன.

நகராதவள் பக்கத்து வீட்டு மணியம்மா ஒருத்திதான். நல்ல மனுஷி. ஆனால் பவளத்துக்குப் பெரிய கெடுதலைச் செய்ததும் அவள்தான்.

"கைய அசைக்காத பவளம். தையல் விட்டுப் போச்சின்னா உசிருக்கே ஆபத்து. ஆடாம அசையாம வச்சிக்க" என்று சொல்லி, தன் பழைய சால்வையைக் கழுத்தில் தூளி மாதிரி கட்டி, பவளத்தின் இடது கையை அதற்குள் வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ கையை அசைக்கச் சொன்னது பவளத்துக்கு மங்கலாக நினைவிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி ஈப்போவில் இருந்தது; மணியம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். மாதக்கணக்கில் அந்தக் கை சால்வைக்குள்ளேயே கிடந்தது. தையல் ஆறியது. கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. தலை சீவுவதற்குக்கூட அதைத் தூக்க முடியவில்லை. ருக்குமணிதான் அம்மாவுக்குச் சீவிப் பின்னிவிட்டாள்.

தைப்பொங்கல் முடிந்ததும், தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி தங்கராஜு வாசலில் வந்து நின்றார். கையில் குடை, காலில் சப்பாத்து. உள்ளே வரவில்லை.

"பவளம், துரை ஆடி மாசம் வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. கையத் தூக்கிக் கொழுந்து பறிக்க முடிஞ்சா ஒம் பேரு மறுபடியும் ஏறும். இல்லாட்டி ஒம்மவள வேலைக்குக் கொண்டாந்து நிறுத்து. ரெண்டும் இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும் லா. நான் என்னா செய்யறது, சொல்லு."

"எம் பொண்ணு வரமாட்டா கிராணி ஐயா. நானே வருவேன்."

"இந்தக் கையோடவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் நடந்தார். பவளம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று செல்லையாவுக்குத் தெரியும். கம்பை ஊன்றி எழுந்து அவள் முதுகுப் பக்கம் போய் நின்றான்.

வழி ரிங்லெட் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. அங்கே ஈசாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஈசாவின் மனைவி மைமூன் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள், வெடுக்கென்று பேசுகிறவள். சால்வைக்குள் கையோடு பஸ்ஸுக்கு நின்ற பவளத்தை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து காதோடு கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

பவளத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இடது."

"எனக்கு வலது" என்றாள் மைமூன். தலைத்துணியைச் சரிசெய்கிற சாக்கில் வலது கையை உச்சந்தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். "நானும் ஒன்ன மாதிரிதான் கட்டிப் போட்டு வச்சிருந்தேன். பிரிஞ்சாங்ல ஓட்டல்ல ஒரு மிஸி இருக்கா. திங்கக்கெழம வா, கூட்டிட்டுப் போறேன்."

மிஸி என்றால் நர்சு. ரொஹானா என்ற அந்த மலாய்ப் பெண் முன்பு ஆஸ்பத்திரியில் கை கால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். பிரிஞ்சாங்கில் ஒரு பெரிய ஓட்டல், சிங்கப்பூரிலிருந்து வருகிற பணக்காரர்கள் தொப்பையைக் குறைப்பதற்காக 'ஹெல்த் கிளப்' என்று ஒன்றைத் திறந்து, அதைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்தது. திங்கட்கிழமை காலையில் தொப்பைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கிளப்பை மார்பு எடுத்த பெண்களுக்குத் திறந்துவிட்டாள் ரொஹானா. ஓட்டல் முதலாளி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: நோயாளிகள் சமையலறை வழியாக வர வேண்டும், முன்வாசலில் தலை காட்டக் கூடாது. வெங்காய மூட்டைக்கும் மீன் கூடைக்கும் நடுவில் புகுந்துதான் அந்தப் பெண்கள் ஆரோக்கியத்துக்குப் போனார்கள்.

உள்ளே போனதும் பவளம் திடுக்கிட்டு நின்றாள். நாலு பக்கமும் கண்ணாடி. லயத்தில் அவளிடம் இருந்தது பொட்டு வைக்கிற கண்ணாடி. முகத்தைத் தவிர அதில் வேறெதுவும் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தன்னை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு தோள் இறங்கி, ஒரு பக்கம் சப்பையாகி, முதுகு கூனி ஒரு பொம்பளை நின்றாள். கூனியிருக்கிறோம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. மைமூன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ரொஹானா தாப்பாவில் தமிழர்களோடு வளர்ந்தவள். உடைந்த தமிழ் வரும். "அக்கா, சால்வை எடு" என்றாள். எடுத்தாள். "செவுத்துல விரல் வை. நடக்க விடு. பெலான் பெலான். மெதுவா. வலி வந்தா நிறுத்து."

பவளம் சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக மேலே நகர்த்தினாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போனதுமே உயிர் போகிற வலி. பக்கத்தில் மைமூன் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு அலட்சியமாகத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு பக்கம் கோலா தெர்லாவில் முட்டைக்கோசு போடுகிற ஒரு சீனக் கிழவி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேரிடமும் சேர்த்து மூன்று மார்பு குறைவு என்று மைமூன் மலாயில் சொல்ல, கிழவி கெக்கெக்கென்று சிரித்தாள். பவளத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

சுவருக்குப் பிறகு விளக்குமாற்றுக் கட்டை; இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பிறகு ரப்பர்ப் பந்து; அமுக்கி அமுக்கி விட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ரொஹானா அவள் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தக் கையில ஊசி போடவேணாம். வளையல் வேணாம். வாட்ச் வேணாம். டைட்டா ஜாக்கெட் வேணாம். உள்ள தண்ணி ஓடற வழி எடுத்தாச்சு அக்கா. இறுக்கினா வீங்கும். காயம் பட்டா உடனே ஆஸ்பத்திரி. சாகற வரைக்கும் இப்படித்தான்."

பவளம் அன்றைக்கே இடது கை வளையல்களைக் கழற்றிவிட்டாள். ஜாக்கெட்டின் இடது கையைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தாள். லயம் சும்மா இருக்குமா? புருஷன் உயிரோடு இருக்கும்போதே கையை மொட்டையாக்கிக்கொண்டாள் என்றது. திங்கட்கிழமை தவறாமல் ஓட்டலுக்குப் போகிறாள், அதுவும் பின்வாசல் வழியாக என்றது. அதற்குமேல் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. செல்லையா காதுக்கும் அது வந்தது.

"நான் உசிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மத்தவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று அவன் குழாயடியில் நின்று சத்தமாகச் சொன்னான். பவளத்துக்கு அவன்மேல் என்றைக்கும் இல்லாத ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டிலும் விடாமல் செய்தாள். சோறு வேகும்போது அடுப்படிச் சுவரில் விரல் ஏறும். ருக்குமணி பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பந்தை அமுக்குவாள். அந்த வருஷம் ருக்குமணிக்கு எஸ்.ஆர்.பி. பரீட்சை. மகள் புத்தகத்தில் பக்கம் தாண்டத் தாண்ட, அம்மாவின் கை சுவரில் ஏறிக்கொண்டே போனது. தோள் மட்டம் தாண்டிய அன்று பவளம் தானே தலை சீவிக்கொண்டாள், கோணல்மாணலாக இருந்தது. அப்படியே டவுனுக்குப் போய் மைமூனிடம் காட்டினாள்.

சீனக் கிழவி ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. ஆணியில் தொங்கிய அவளுடைய துண்டை ரொஹானா எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது பவளம் மனத்துக்குள் கணக்குப் போட்டாள்: செத்தால்கூடப் பரவாயில்லை, இவள் படித்து முடிக்கிறவரை சாகக் கூடாது.

ஆடி நெருங்கியபோது பழைய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, காய்ந்த இலைகளை அள்ளித் தோளுக்கு மேல் வீசிப் பார்த்தாள். விழுந்தது. பழைய வேகம் இல்லை, ஆனால் விழுந்தது. நேரே கிராணியிடம் போனாள்.

"வீட்டுல வீசறது வேற, மலையில வீசறது வேற" என்றார் தங்கராஜு. "டிரசர் எழுதிக் குடுக்கப் பயப்படறாரு. புத்துநோய்க்காரி, மலையில விழுந்து செத்தா யாரு பதில் சொல்றதுன்னு துரை காதுல எவனோ போட்டு வச்சிருக்கான். துரையே சொன்னாத்தான் நான் பேரு எழுத முடியும்."

துரையிடம் யார் போய்ச் சொல்வது? வெள்ளைக்காரத் துரை போய் நம்நாட்டுத் துரை வந்துவிட்டார் என்று பேர்தான். அவர் காரின் கண்ணாடி இறங்கி யாரும் பார்த்ததில்லை. இதற்கு வழி சொன்னவர் கங்காணி ராமசாமி. மலையில் அவர் கங்காணி. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர்.

"ஆடித் திருவிழாவுக்குத் துரை வருவாரு. மால மரியாத வாங்கிட்டுப் பால்குடம் வர்றதப் பாத்துட்டுத்தான் போவாரு. நீயும் பால்குடம் எடு. ரெண்டு கையையும் தூக்கி ஆத்தாவுக்குக் கொண்டா. அவரு கண்ணாலயே பாக்கட்டும். மிச்சத்த நான் பேசிக்கறேன்."

அந்த யோசனையில் சூது எதுவும் இல்லை. நல்ல மனத்தோடு சொன்னார். பவளம் அவர் காலில் விழப் போனாள்.

அடுத்த திங்கள் ரொஹானாவிடம் சொன்னாள். ரொஹானா யோசித்தாள். குடம் எவ்வளவு கனம் என்று கேட்டாள். சின்னச் செம்பாக எடு என்றாள். வெயிலில் நிற்காதே என்றாள். பிறகு விளக்குமாற்றுக் கட்டைக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னாள். பவளம் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிகளுக்கு நடுவே நடந்தாள். கூன் போயிருந்தது. கண்ணாடியில் நடந்த பொம்பளையை அவளுக்குப் பிடித்திருந்தது.

காப்பைப் பற்றி அவள் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. பால்குடம் எடுக்கிறவர்கள் கொடியேற்றத்தன்று மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டன்று பூசாரி அவிழ்க்கிறவரை அதைத் தொடக் கூடாது. தோட்டத்து எல்லையையும் தாண்டக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். வளையலும் வாட்சும் ஜாக்கெட்டும் மனுஷர் மாட்டிக்கொள்கிறவை. காப்பு அம்மன் கட்டுவது. அது கையை இறுக்குகிற சாமான் என்று அவள் புத்தியில் ஏறவே இல்லை. கைக்காக வளையலைக் கழற்றிப் பழி சுமந்தவள், அந்தக் கையையே சந்தோஷமாக நீட்டினாள். பூசாரி மஞ்சள் கிழங்கை வைத்து நூலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

காப்புக் கட்டியவர்கள் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து ஈரத்துணியோடு கோயிலைச் சுற்ற வேண்டும். அந்த மலைக் குளிரில் நூல் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து முறுக்கேறியது. முதலில் புறங்கை உப்பியது. பிறகு விரல்கள் மடங்கவில்லை. பவளம் அடுப்படிச் சுவரில் விரல் ஏற்றிப் பார்த்தாள், ஏறியது. ஏறுகிறவரை பரவாயில்லை என்று புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள். எல்லை தாண்டக் கூடாது என்பதால் திங்கட்கிழமை வகுப்பும் போயிற்று.

அவள் வரவில்லை என்றதும் மைமூன் பதறிப்போனாள். சீனக் கிழவியின் ஞாபகம் வந்திருக்கும். வியாழக்கிழமை காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டாள். தலைப்பை விலக்கிப் பார்த்தவள் வாயில் அடித்துக்கொண்டாள். நூல் பாதி சதைக்குள் போயிருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"யா அல்லா! மிஸி படிச்சிப் படிச்சிச் சொன்னாளே லா! கத்தரி எடு. இப்பவே அறுத்துரு."

"தொடாதக்கா!" பவளம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நாளன்னைக்குத் துரை வராரு. இப்ப அறுத்தா என்னக் குடம் தொட விடமாட்டாங்க. ஆத்தா குத்தமும் ஆயிடும்."

"ஒங்க ஆத்தாளும் தாய்தானே? பெத்த புள்ள கைய அழுக வையின்னா சொல்லுவா?"

"சொல்லமாட்டா. அதான் சொல்றேன், ஒண்ணும் ஆவாது. ரெண்டே நாளுக்கா. எம்மவ படிச்சிருவா."

மைமூன் செல்லையாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவியின் கையும் தெரிந்தது, மகளின் புத்தகமும் தெரிந்தது. வேற்று மதத்துப் பெண், கோயில் நூலைத் தொட்டு அறுக்க மைமூனுக்கும் துணிச்சல் வரவில்லை. அழுதுகொண்டே லோரி ஏறினாள். அன்றைக்கே அறுத்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மேளம் முழங்கியது. கீழ் ஓடையிலிருந்து கோயில்வரை ஏற்றம். பவளம் மஞ்சள் புடவையில், வேப்பிலை மாலையோடு, பால்செம்பைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். இடது கை நெருப்பாய்க் காந்தியது. கீழே விட்டால் கொஞ்சம் ஆறும், விடவில்லை. ருக்குமணி பக்கத்திலேயே வந்தாள். "அம்மா, ஒரு கையால புடிச்சாப் போதும்மா" என்றாள். "பேசாம வா" என்றாள் பவளம். வாளியை நகர்த்திக்கொண்ட பெண்களெல்லாம் வழிநெடுக நின்று அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

கோயில் முன்னால் துரை மாலையோடு நின்றிருந்தார். ராமசாமி அவர் காதில் ஏதோ சொன்னார். துரை நிமிர்ந்து பவளத்தைப் பார்த்தார். உயர்ந்து நின்ற இரண்டு கைகளையும் பார்த்தார். தலைப்பு மூடியிருந்ததால் மணிக்கட்டு அவருக்குத் தெரியவில்லை. கிராணியைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து அவள் பெயரை எழுதிக்கொள்" என்றார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்துக்காக ஆறு மாதம் சுவரில் ஏறியவள், பால்செம்பை அம்மன் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள். ஜெயித்துவிட்டாள். அது பொய்யில்லை. அவள் உண்மையாகவே ஜெயித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு. வரிசையாகக் காப்பு அவிழ்த்துக்கொண்டு வந்த பூசாரி, பவளத்தின் கையைப் பிடித்ததும் நின்றார். நூலைக் காணோம். மணிக்கட்டைச் சுற்றிச் சீழ் வடிகிற ஒரு பள்ளம்தான் இருந்தது. அங்கிருந்து தோள்வரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. "அவுத்துடுங்க சாமி, நாளைக்கு வேல இருக்கு" என்றாள். அப்படியே சரிந்து விழுந்தாள். தோட்டத்து லோரியில் போட்டு மலையிறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். கையை வெட்ட வேண்டாம் என்றும் ஆயிற்று. ஆனால் உள்ளே ஓடிய விஷம் மிச்சமிருந்த வழிகளையும் அடைத்துவிட்டது. கை தலையணை மாதிரி வீங்கி, மரத்து, மடியில் கிடந்தது. இனி வீக்கம் இறங்காது, கை மேலே ஏறவும் ஏறாது என்று டாக்டர் சொன்னார். மார்பை நன்றாகச் சோதித்துவிட்டு, புற்றுநோய் எங்கேயும் இல்லை, அதிர்ஷ்டக்காரி என்றும் சொன்னார்.

ரொஹானா பார்க்க வந்தாள். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நூல் கட்டுவாங்கன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல மிஸி. எனக்கும் தோணல."

ரொஹானா முகத்தைத் துணியில் மூடிக்கொண்டு அழுதாள். பவளத்துக்கு அழுகை வரவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்ற ஒரே நினைப்புதான். செல்லையா ஒரு தடவை வந்தான். கேட்டதற்கெல்லாம், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஒடம்பப் பாரு" என்றான். அவள் கண்ணைப் பார்த்து அவன் அதைச் சொல்லவில்லை.

வீடு திரும்பிய அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. பிரயாணக் களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். விடிகாலையில் கண் விழித்தபோது ருக்குமணியின் பாய் காலியாக இருந்தது. அவளுடைய பள்ளிச் சட்டை கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது.

"எங்கங்க அவ?"

செல்லையா கம்பைத் தடவிக்கொண்டே சொன்னான். "நீ மலையெறங்குன மறுநாள் கிராணி வந்தாரு. பேரு ஏறிப்போச்சு, துரையே சொல்லி ஏத்துன பேரு, அடிச்சி எழுதுனா ஏன்னு கேப்பாரு, வீடும் போயிடும்னாரு. ஒம்மவ அந்தப் பேருக்கே வந்து நிக்கட்டும்னாரு. நான் வேணாம்னேன் பவளம். அவதான் கூடைய எடுத்து மாட்டிக்கிட்டா."

பவளம் எழுந்து வாசலுக்கு வந்தாள். லயத்துக்குக் கீழே பெரட்டுக்களம். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம். பனிமூட்டத்தில் முகங்கள் தெரியவில்லை. சாக்குத் துணியைச் சுற்றிய உருவங்கள் வரிசையாக நின்றன. தங்கராஜுவின் குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

"பவளம்!"

பழக்கதோஷத்தில் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. சத்தம் வருவதற்குள் கீழேயிருந்து ருக்குமணியின் குரல் கேட்டது.

"இருக்கேன் ஐயா."